ஆம்பூர் ஷெட்டில் ஒரு டெர்மினல்

அந்த நகரத்தின் பெயரை ரோஷினி வெளியில் சொல்லக் கூடாது. ஒப்பந்தம் அப்படி. அதனால் நானும் சொல்லவில்லை. பெரிய நகரம், இருக்கிற விமான நிலையம் போதாமல் பக்கத்திலேயே புதிதாக ஒரு டெர்மினல் கட்டப் போகிறார்கள். அதன் உள்ளமைப்பை வரைந்து கொடுக்கிற வேலை பெங்களூரில் ரோஷினி இருந்த நிறுவனத்துக்குக் கிடைத்தது.

ரோஷினி குடியாத்தத்துக்காரி. வயது முப்பத்திரண்டு. வீட்டில் ஆறு பவர்லூம் ஓடுகிறது, லுங்கி நெய்கிறார்கள். அவள் வேலூரில் இன்ஜினியரிங் முடித்து, அதற்கு மேலும் படித்து, இந்த வேலைக்கு வந்து ஐந்து வருஷம் ஆகிறது. சுவர், தூண் வரைவது அவள் வேலையில்லை. வாசலில் நுழைகிற ஆள் விமானத்தின் கதவுக்குப் போய்ச் சேருவதற்குள் எங்கெங்கே நிற்பார், எத்தனை நிமிஷம் நிற்பார், அவருக்குப் பின்னால் எத்தனை பேர் சேருவார்கள் என்று பார்ப்பதுதான் அவள் வேலை. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பாள். பயணிகள் சின்னப் புள்ளிகளாக ஓடுவார்கள். ஆண் என்றால் நீலம், பெண் என்றால் மஞ்சள்.

புதிய டெர்மினலின் படத்தில் புள்ளிகள் அழகாக ஓடின. எங்கும் நெரிசல் இல்லை. ஆனால் ரோஷினி பழைய டெர்மினலுக்குப் போய், அனுமதி வாங்கி, பாதுகாப்புச் சோதனை முடிகிற இடத்தில் மூன்று நாள் நின்றாள். அங்கே ஆட்கள் புள்ளிகளைப் போல ஓடவில்லை. கணவன் சோதனை முடிந்து வெளியே வந்துவிடுகிறான். மனைவி, பெண்களைச் சோதிக்கிற திரை போட்ட அறைக்கு முன்னால் பெண்கள் வரிசையில் நிற்கிறாள். அவளுடைய பை, செருப்பு, போன் எல்லாம் ட்ரேயில் வந்து சேர்ந்துவிட்டன. அவன் அதையெல்லாம் அள்ளி வைத்துக்கொண்டு, இடுப்பில் ஒரு பிள்ளையோடு, நடைபாதையின் நடுவிலேயே நிற்கிறான். அவனைப் போல இன்னும் பத்துப் பேர். பின்னால் வருகிறவர்களுக்கு வழியில்லை.

புதிய படத்திலும் அதே இடத்தில்தான் நடைபாதை. அதைத் தாண்டியதும் கடைகள். பெண் பயணிகள் நூற்றுக்கு இருபத்தெட்டு என்று எடுத்துக்கொண்டு, மூன்று ஆண் வழிக்கு ஒரு பெண் வழி என்று வரைந்திருந்தார்கள். அந்த இருபத்தெட்டு, பல வருஷம் முந்தைய கணக்கு. ரோஷினி மூன்று நாள் எண்ணியதில் நாற்பத்திரண்டு வந்தது.

அதைத் தன் மேலதிகாரி வேலாயுதத்திடம் கொண்டு போனாள். பதினோரு டெர்மினல் பார்த்தவர். ஐம்பத்து நாலு வயது. யாரையும் அதட்டிப் பேச மாட்டார். தாளை வாங்கி மெதுவாகப் படித்தார்.

“நல்லா எண்ணியிருக்கீங்க. ஆனா மூணு நாள் கணக்கை வச்சுக்கிட்டு கிளையண்ட் கொடுத்த நம்பரை மாத்த முடியாது ரோஷினி. இன்னும் பதினஞ்சு நாள்ல படத்தை முடிச்சுக் கொடுக்கணும்.”

“சார், நம்பரை விடுங்க. அந்த எடத்துல ஆளுங்க நிக்கிறாங்க. நம்ம மாடல்ல யாருமே நிக்கல.”

“பழைய டெர்மினல்ல எடம் கம்மி. அதனால நிக்கிறாங்க. புதுசுல ஏன் நிக்கப் போறாங்க? முன்னாடி கடை தெரியும், கேட் தெரியும். போய்க்கிட்டே இருப்பாங்க.”

ரோஷினி தாளை எடுத்துக்கொண்டு இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். அவளுக்குள் ஒரு பழைய உறுத்தல் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேறொரு டெர்மினல் படத்தில் கழிப்பறை வாசல் குறுகலாக இருப்பதைப் பார்த்தாள். வேலைக்குப் புதிது, நமக்கெதற்கு என்று வாயை மூடிக்கொண்டாள். கட்டி முடித்த பிறகு அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அந்த வாசலில் வரிசை நிற்கும். யாருக்கும் அவளைத் தெரியாது. இருந்தாலும் தலையைக் குனிந்துகொண்டுதான் கடந்து போவாள்.

அன்று சாயந்திரம் ஷஹீன் பானுவுக்குப் போன் போட்டாள். இரண்டு பேரும் வேலூர் கல்லூரியில் ஒரே பெஞ்ச், ஒரே பஸ். ஷஹீன் இப்போது ஆம்பூருக்கு வெளியே ஹைவே ஓரமாக உள்ள ஒரு ஷூ ஃபேக்டரியில் புரொடக்‌ஷன் மேனேஜர்.

“இன்னாடி, கொரலே சரியில்ல?” என்றாள் ஷஹீன்.

“ஒரே பேஜாரா இருக்குதுடி.” ரோஷினி எல்லாவற்றையும் சொன்னாள்.

ஷஹீன் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, “ஒங்க சாருக்கு நம்பர் வேணாம். கண்ணால பார்க்கணும். அவ்ளோதானே?” என்றாள்.

“எங்கடி காட்டறது? அவ்ளோ பெரிய எடம், அவ்ளோ ஆளுங்க?”

“ஆளுங்களுக்கா பஞ்சம்? ஷிஃப்ட் விட்டா எங்க கேட்டுல ஏழு நிமிஷத்துல ஆயிரத்து எரநூறு பேர் வெளிய வர்றாங்க. புது கட்டிங் ஷெட்டு காலியா கெடக்குது. மிஷினு கப்பல்ல வருது, இன்னும் ஒரு மாசம் ஆவும். மொதலாளிகிட்ட நான் பேசறேன். நீ ஒங்க சாரைக் கூட்டிக்கினு வா.”

ரோஷினி இதைச் சொன்னதும் வேலாயுதம் முதலில் சிரித்தார். பிறகு யோசித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வருகிறவர்களுக்கு ஒரு நாள் கூலி, மதியச் சாப்பாடு. செலவு பெரிதில்லை. “சரி. உங்க சந்தேகம் தீரட்டும். ஆனா ரிசல்ட் எப்படி வந்தாலும் அதோட விட்டுடணும்” என்றார். ரோஷினி தலையாட்டினாள். அவள் பக்கம் தப்பாகவும் இருக்கலாம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சனிக்கிழமை முழுக்க ஷெட்டில் வேலை நடந்தது. ரோஷினி படத்தை வைத்துக்கொண்டு தரையில் மஞ்சள் டேப் ஒட்டினாள். ஒரு அடி கூடக் குறையக் கூடாது என்று இரண்டு முறை அளந்தாள். எக்ஸ்ரே மெஷினுக்குப் பதில் நாலு நீள மேசை. தைத்த ஷூ மேல்பாகங்களை ஒரு டேபிளிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப் போகிற நீல நிறப் பெட்டிகள் ட்ரே ஆயின. மெட்டல் டிடெக்டர் வாசலை கார்பெண்டர் மர ரீப்பரில் அடித்துக் கொடுத்தார். ஆண்களை நிறுத்திச் சோதிக்க மூன்று மேடை, பெண்களுக்குத் திரை போட்ட ஒரு அறை. கடைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஷூ அட்டைப்பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கினார்கள். ரோஷினியோடு வந்த இரண்டு பேர் மேலே இரும்புச் சட்டத்தில் கேமரா கட்டினார்கள்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு இருநூற்று அறுபது பேர் வந்துவிட்டார்கள். ஷூ ஃபேக்டரியில் பெண்கள்தான் ஜாஸ்தி. அதனால் ஆண்களுக்காகப் புருஷன்மாரையும் அண்ணன் தம்பிகளையும் கூட்டி வரச் சொல்லியிருந்தாள் ஷஹீன். எல்லாரும் பெட்டியும் பையுமாக வந்தார்கள். சிலர் நிஜமாகவே ஊருக்குப் போவது போல நல்ல துணி உடுத்தியிருந்தார்கள். ஸ்டிச்சிங் லைனில் வேலை பார்க்கும் எல்லம்மா பட்டுப்புடவையில் வந்தாள்.

“இன்னா எல்லம்மா, கல்யாணமா?” என்றாள் ஷஹீன்.

“ஏரோப்ளேன்ல போறோம்ல மேடம். சும்மாவா போவறது?” அவள் புருஷன் சாமுவேல் பின்னால் இரண்டு பெட்டி வைத்த தள்ளுவண்டியோடு நின்றான். தோல் மண்டியில் லோடு ஏற்றுகிறவன். முகத்தில் வெட்கம்.

ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். அதில் விமானத்தின் நம்பர், கேட் நம்பர், யாரோடு போகிறார்கள் என்கிற விவரம். தனி ஆள், கணவன் மனைவி, அம்மா பிள்ளை என்று.

முதல் ஓட்டம் பழைய கணக்கின்படி. நூற்றுக்கு இருபத்தெட்டு பெண்கள். மற்ற பெண்கள் ஓரமாக உட்கார்ந்து பார்த்தார்கள். நாற்பது நிமிஷம் ஓடியது. சோதனையைத் தாண்ட சராசரி ஆறு நிமிஷம். கூட்டம் எங்கும் தேங்கவில்லை. வேலாயுதம் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “பார்த்தீங்களா?” என்பது போல ரோஷினியைப் பார்த்தார். அவள் தண்ணீர் குடிக்கப் போனாள்.

இரண்டாவது ஓட்டம். நூற்றுக்கு நாற்பத்திரண்டு பெண்கள்.

முதல் பத்து நிமிஷம் வித்தியாசம் தெரியவில்லை. பிறகு திரை அறைக்கு முன்னால் வரிசை நீண்டது. மஞ்சள் டேப்பைத் தாண்டி, வளைந்து, ஷெட் வாசலுக்கே வந்தது. ஆண்கள் ஐந்து நிமிஷத்தில் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். பெண்களுக்குப் பதினேழு நிமிஷம். அந்தப் பக்கம் போன ஆண்கள் நடைபாதையில் நின்றார்கள். ஒவ்வொருவன் கையிலும் இரண்டு பேரின் பை. தனியாக வந்த பெண்களின் ட்ரேக்கள் மேசையில் குவிந்தன. எடுக்க ஆள் வராததால் அடுத்த ட்ரே நகரவில்லை.

வேலாயுதம் மேசைப் பக்கம் போய்க் குவிந்த ட்ரேக்களைப் பார்த்தார். பிறகு, “இவங்கள்ல முக்கால்வாசிப் பேர் விமானமே ஏறினதில்ல. அதான் தயங்கித் தயங்கி நிக்கிறாங்க. பழக்கப்பட்ட பயணிங்க இப்படி நிக்க மாட்டாங்க” என்றார்.

ரோஷினி வாயைத் திறப்பதற்குள் ஷஹீன் கேட்டாள். “ஏறாதவங்களுக்காகத்தானே சார் புதுசு கட்டறீங்க? ஏறினவங்களுக்கு ஏற்கெனவே ஒண்ணு இருக்குதே.”

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. “சரி, நான் பழக்கப்பட்டவன்தானே? எனக்கு ஒரு அட்டை கொடுங்க. நான் போய்க் காட்டறேன்” என்றார்.

ஷஹீன் கையிலிருந்த கட்டில் ஒரு அட்டையை உருவி அவருக்குக் கொடுத்தாள். அதன் ஜோடி அட்டையைப் பேக்கிங் பிரிவில் இருக்கும் கௌசரிடம் கொடுத்தாள். நாற்பத்தெட்டு வயது, கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத பெண். “நீங்க ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சி” என்றாள் ஷஹீன். கௌசர் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள்.

மூன்றாவது ஓட்டம். கல்யாண சீசனில் வருவது போலப் பாதிக்குப் பாதி பெண்கள். வேலாயுதம் பையை மேசையில் வைத்தார். பெல்ட்டைக் கழற்றினார். பழக்கப்பட்ட கை, எல்லாம் அரை நிமிஷத்தில் முடிந்தது. மேடையில் ஏறி இறங்கி அந்தப் பக்கம் போனார். நேராகக் கேட்டை நோக்கி நடக்கப் போனவர், கையைப் பார்த்தார். கௌசரின் கைப்பையும் போனும் அட்டையும் அவரிடம் இருந்தன. ட்ரேயில் எல்லாம் ஒன்றாகத்தான் வந்தது. அவள் எங்கே என்று திரும்பினார். வரிசை தெரியவில்லை. போன் பண்ணலாம் என்றால் போன் அவர் கையிலேயே இருக்கிறது.

நின்றார்.

இரண்டு நிமிஷம். நாலு நிமிஷம். பெல்ட்டைப் போட ஒரு கையாவது வேண்டும். பைகளைக் கீழே வைக்க இடமில்லை. பேன்ட்டை முழங்கையால் பிடித்துக்கொண்டார். பின்னால் சாமுவேல் தள்ளுவண்டியோடு வந்து முட்டினான்.

“சார், கொஞ்சம் ஓரமா நில்லுங்க சார். வழி அடைக்குது.”

“ஓரம் எங்கப்பா இருக்கு? தங்கச்சி இன்னும் வரல!”

குரல் கொஞ்சம் உரக்க வந்துவிட்டது. ஷெட் முழுக்கச் சிரித்தது. வேலாயுதமும் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திச் சுற்றிலும் பார்த்தார். அவரைச் சுற்றிப் பத்தொன்பது ஆண்கள் நின்றார்கள். எல்லாரும் பெண்கள் பையைச் சுமந்துகொண்டு, எல்லாரும் அதே திசையைப் பார்த்துக்கொண்டு. ஒரு பக்கம் ட்ரே மேசை. இன்னொரு பக்கம் அட்டைப்பெட்டிக் கடைகள்.

பதினோரு நிமிஷம் கழித்துக் கௌசர் வந்தாள். வேலாயுதம் அவளிடம் பையைக் கொடுத்துவிட்டு, டேப்பைத் தாண்டி ரோஷினியிடம் வந்தார்.

“இங்க ஓரமே வைக்கலியே நாம” என்றார்.

ரோஷினிக்கு ஜெயித்த மாதிரி இருக்கவில்லை. கண் கலங்கியது. குனிந்து டேப் உருளையைத் தேடுகிறவள் போல நின்றாள்.

மதியம் பிரியாணி பரிமாறினார்கள். சாப்பிட்டுக்கொண்டே வேலாயுதம் படத்தைத் தரையில் விரித்தார். இரண்டு மாற்றங்கள் அவருக்கே தெரிந்தன. மூன்றுக்கு ஒன்று என்பதை இரண்டுக்கு இரண்டாக்க வேண்டும். கடைகளை ஏழு மீட்டர் பின்னால் தள்ளி, நடுவில் காத்திருக்க இடம் விட்டு பெஞ்ச் போட வேண்டும். கை கழுவிவிட்டு வந்த எல்லம்மா கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தாள். அது அவளுக்குப் பெரிதாகப் புரியவில்லை. ஷெட்டைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

“மேடம், ஒண்ணு சொல்லட்டா? திரையைத் தள்ளிக்கினு வெளிய வந்தா எதிர்ல செவுருதான் தெரியுது. இவரு எங்க நிக்கிறாருன்னு நாலு பக்கமும் தேடினேன். கதவு அந்தப் பக்கம் பார்த்த மாதிரி இருந்தா, வெளிய வர்றப்பவே தெரிஞ்சுடும்ல?”

ரோஷினி எழுந்து போய்த் திரை அறைக்குள் நுழைந்து வெளியே வந்து பார்த்தாள். சுவர்தான் தெரிந்தது. ஐந்து மாதம் அந்தப் படத்தைப் பார்த்தவள் அவள். மேலிருந்தே பார்த்திருக்கிறாள்.

சாப்பிட்ட கையோடு எல்லாரும் வேலையில் இறங்கினார்கள். யாரும் சொல்லாமலே பெண்கள் வரிசையாக நின்று அட்டைப்பெட்டிகளைக் கை மாற்றிப் பின்னால் அடுக்கினார்கள். கேன்டீன் பெஞ்சுகள் வந்தன. ஆண்கள் மேடையில் ஒன்றை எடுத்துவிட்டு, இன்னொரு திரை அறை கட்டி, இரண்டின் வாசலையும் பெஞ்சுப் பக்கம் திருப்பினார்கள். நாலாவது ஓட்டம் மூன்று மணிக்குத் தொடங்கியது. அதே ஆட்கள், அதே பாதிக்குப் பாதி.

ஆண்களுக்கு எட்டு நிமிஷம்; பெண்களுக்கு ஒன்பதுக்குள். முன்பை விட ஆண்கள் கொஞ்சம் கூடுதலாக நின்றார்கள், ஆனால் யாரும் குறை சொல்லவில்லை. அந்தப் பக்கம் போய் எப்படியும் காத்திருக்கத்தானே போகிறார்கள்? திரையைத் தள்ளிக்கொண்டு வருகிற பெண்கள் எதிரே பெஞ்சைப் பார்த்தார்கள். கையைத் தூக்கி ஆட்டினார்கள். நடைபாதை கடைசி வரை காலியாகவே இருந்தது.

கிளையண்ட் கூட்டம் அடுத்த வாரம். பெரிய மேசையைச் சுற்றிப் பதினான்கு பேர். ரோஷினி கேமராப் படங்களைப் போட்டுக் காட்டினாள். கடைகளுக்குப் பொறுப்பான அதிகாரி உடனே மறுத்தார். ஏழு மீட்டர் என்றால் மூன்று கடை போகும். அதுவும் எல்லாரும் கடந்து போகிற இடத்தில். “பயணிங்க உட்கார கேட் பக்கத்துல நாற்காலி இருக்கே. இங்க எதுக்கு?” என்றார்.

ரோஷினி வேலாயுதத்தைப் பார்த்தாள். அவர் எழுந்தார். “நான் இருபத்தாறு வருஷமா இந்த வேலை பார்க்கிறேன். அங்க யாரும் நிக்க மாட்டாங்கன்னு ரோஷினிகிட்ட சொன்னவன் நான்தான். போன ஞாயித்துக்கிழமை அதே எடத்துல பேன்ட்டைப் பிடிச்சுக்கிட்டு பதினோரு நிமிஷம் நின்னேன். உங்க கடை கண்ணுக்கு எதிர்ல இருந்துச்சு. நான் ஒரு பொருளைக்கூடப் பார்க்கல. கூட வந்தவங்களைத் தேடுறவன் கடைக்குள்ள வர மாட்டான் சார்.”

அது அந்த அதிகாரிக்குச் சரி என்று பட்டது. இருந்தாலும் எல்லாம் கிடைத்துவிடவில்லை. ஏழு மீட்டர் கேட்டதற்கு ஐந்து மீட்டர் கொடுத்தார்கள். இரண்டு கடைகளைப் பெஞ்சுக்குப் பக்கவாட்டில் நகர்த்தினார்கள். இரண்டுக்கு இரண்டு என்பதை ஒப்புக்கொண்டார்கள். அறையின் வாசலைத் திருப்புவதற்கு யாரும் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. அதற்குச் செலவே இல்லை. சோதனை செய்யப் பெண் காவலர்கள் அத்தனை பேர் வேண்டுமே என்று ஒருவர் கேட்டார். அது பாதுகாப்புப் படை முடிவு செய்ய வேண்டியது, கடிதம் எழுதலாம் என்றார்கள். ரோஷினி அன்றைக்கே கடிதத்தை எழுதி வேலாயுதத்தின் மேசையில் வைத்தாள். அவர், ‘நானும் அங்கே நின்று பார்த்தேன்’ என்று ஒரு வரி மட்டும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதம் ஊருக்கு வந்தபோது ரோஷினி ஆம்பூரில் இறங்கி ஃபேக்டரிக்குப் போனாள். உணவு இடைவேளை. கேன்டீனில் எல்லம்மாவும் கௌசரும் இன்னும் பத்துப் பேரும் ஒரே மேசையில் இருந்தார்கள். முடிவானதைச் சொன்னாள். ஐந்து மீட்டர் என்றதும் ஷஹீனுக்கு முகம் சுருங்கியது.

“ரெண்டு மீட்டரை விட்டுட்டியா?”

“விடலடி. எழுதி வச்சிருக்கேன். கட்டும்போது இன்னொரு வாட்டி கேப்பேன்.”

“ஒங்க சாரு?”

“அடுத்து, எறங்கி வர்றவங்க பெட்டி எடுக்கிற ஹால் இருக்குது. அதுக்கும் இதே மாதிரி ஓட்டிப் பார்க்கலாம்னு அவரே சொல்றாரு. எடம்தான் தேடணும். இங்க மிஷின் வந்துடுச்சே.”

“எடத்துக்கு இன்னா? எங்க குடோன் ஒண்ணு வாணியம்பாடி ரோட்டுல இருக்குது. அத நான் பாத்துக்கறேன்.”

கௌசர் தட்டைத் தள்ளிவிட்டு, “எப்பம்மா தொறப்பாங்க?” என்று கேட்டாள்.

“மூணு வருஷம் ஆவும்க்கா.”

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். ஒருத்தி துபாயில் இருக்கிற தம்பியைப் பார்க்கப் போவேன் என்றாள். இன்னொருத்தி முதலில் பக்கத்தில் எங்கேயாவது போய்ப் பழகிக்கொள்ள வேண்டும் என்றாள். டிக்கெட் எவ்வளவு இருக்கும், முன்னாடியே வாங்கினால் கம்மியாகக் கிடைக்குமா என்றெல்லாம் கேட்டார்கள். ரோஷினி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். எல்லம்மா மட்டும் மோர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

“நீ எங்க போவப் போற எல்லம்மா?” என்றாள் ஷஹீன்.

“அதான் மேடம் யோசிக்கறேன். எங்கன்னு இன்னும் முடிவு பண்ணல. மூணு வருஷம் இருக்குதுல்ல” என்றாள் எல்லம்மா.

மணி அடித்தது. எல்லாரும் டம்ளர்களை எடுத்துக்கொண்டு லைனுக்குப் போனார்கள்.